ஊர்ச் சாவுக்கு யார் அழுவது?

"வெள்ளைக்காரி பாட்டுல உங்களுக்கு என்னதான் தோழர் கிடைக்குது?"

வாசிப்பு வட்டத்தில் ஒரு தோழர் கேட்டார். கேலியாகத்தான் கேட்டார். ஆனாலும் கேள்வி நியாயமானது. நமக்குக் கானா இருக்கிறது, பறை இருக்கிறது, தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ் இருக்கிறது. இங்கிலாந்துக்காரர் ஒருவர் தன் நாட்டைப் பற்றிப் பாடிய ஆல்டர்நேட்டிவ் ராக் ஆல்பத்தில் காலனித் தெருப் பெண்ணுக்கு என்ன வேலை? அன்றைக்கு "சும்மா ஒரு தடவை கேட்டுப் பாருங்க" என்று மழுப்பிவிட்டேன். சொல்லியிருக்க வேண்டிய பதிலை இப்போது எழுதுகிறேன்.

ஆல்பத்தின் பெயர் 'லெட் இங்கிலாந்து ஷேக்'. பாடியவர், எழுதியவர் பி.ஜே. ஹார்வி. 2011 பிப்ரவரி 14 அன்று வெளியானது. 12 பாடல்கள், நாற்பது நிமிடம். என் கைக்கு அது வந்து சேர்ந்தது பல ஆண்டுகள் கழித்து. சென்னையில் விடுதி அறைத்தோழி பென்டிரைவில் போட்டுக் கொடுத்தாள். 'ஊருக்குப் போகிறேன்' என்று சொல்லிக்கொண்டு காலனிக்குப் போகிற பேருந்தில், திண்டிவனம் தாண்டியபோது முதல்முறை கேட்டேன். பிடிக்கவில்லை. போரைப் பற்றிய பாடல்கள் என்றுதான் அவள் சொல்லியிருந்தாள். எனக்குக் கேட்டதோ மெல்லிய, கீச்சுக் குரலில் ஒரு பெண் குழந்தைப் பாட்டு மாதிரி எதையோ பாடுவது. கோபம் எங்கே? கிடார் ஏன் உறுமவில்லை?

அவருடைய பழைய பாடல்களில் உறுமல் உண்டு. 1990களில் அடித்தொண்டையிலிருந்து வரும் அந்தக் குரலுக்காகத்தான் அவரைக் கொண்டாடினார்கள். இந்த ஆல்பத்துக்கு அந்தக் குரலை வேண்டுமென்றே கழற்றி வைத்துவிட்டார். ஆட்டோஹார்ப் என்ற கருவியை மடியில் வைத்துக்கொண்டு, உச்சத்தில், கிட்டத்தட்ட உணர்ச்சியே இல்லாத குரலில் பாடுகிறார். எனக்கு இது புரிய நாளானது. செய்தி சொல்ல வந்தவள் அழக் கூடாது. அழுதால் கேட்பவர்கள் அவளைத்தான் பார்ப்பார்கள், சேதியைக் கேட்க மாட்டார்கள்.

ஹார்வி 1969-இல் இங்கிலாந்தின் தென்மேற்கே டார்செட் மாவட்டத்தில் பிறந்தவர். கிராமத்தில் ஆட்டுப் பண்ணையில் வளர்ந்தவர். இந்த ஆல்பத்துக்கான வரிகளை முதலில் கவிதைகளாகத்தான் எழுதினார். அது முடிந்த பிறகே மெட்டு. 1915-இல் துருக்கியின் கலிபோலி தீபகற்பத்தில் நடந்த போரைப் பற்றி நிறையப் படித்தார். இராக், ஆப்கானிஸ்தான் போர்களில் இருந்தவர்களின் வாக்குமூலங்களையும் படித்தார். கோயாவின் போர் ஓவியங்களைப் பார்த்தார். பிறகு 2010-இல், தான் பிறந்த பகுதியிலேயே, ஐப் என்ற கடற்கரைக் கிராமத்தில் குன்றின் மேல் இருக்கிற பழைய தேவாலயத்தில் உட்கார்ந்து பதிவு செய்தார். ஜான் பாரிஷ், மிக் ஹார்வி என்ற நெடுநாள் கூட்டாளிகள், தயாரிப்பாளர் ஃப்ளட். பெரிய ஏற்பாடு எதுவும் இல்லை.

'தி குளோரியஸ் லாண்ட்' என்று ஒரு பாடல். பாட்டு ஒரு தாளத்தில் போய்க்கொண்டிருக்கும்போதே ராணுவ பியூகிள் ஒன்று நடுவில் புகுந்து ஊதும். அது பாட்டின் சுருதியிலும் சேராது, தாளத்திலும் சேராது. முதலில் என் போனில் வேறு ஏதோ ஓடுகிறது என்றே நினைத்தேன். வேண்டுமென்றேதான் வைத்திருக்கிறார். நாட்டை உழுவது கலப்பையா, டாங்கியா, அந்த நிலத்தில் என்ன விளைகிறது என்று பாடல் கேட்டுக்கொண்டே போகும். பள்ளிக்கூடத்தில் சுதந்திர தினத்தன்று வரிசையில் நிற்க வைத்து நமக்குப் போட்ட பாட்டுகளை நினைத்துப் பாருங்கள். அந்தப் பாட்டுகளில் நிலம் எப்போதும் பச்சை, எப்போதும் தாய். அந்த நிலத்தில் யாருக்குப் பட்டா இருக்கிறது, யார் கூலி என்று எந்தப் பாட்டாவது கேட்டதா? பஞ்சமி நிலம் என்ற சொல் எந்த தேசபக்திப் பாடலில் வருகிறது?

'தி வேர்ட்ஸ் தட் மேக்கெத் மர்டர்' இன்னும் குரூரம். போரில் பார்த்ததை ஒரு சிப்பாய் சொல்கிறான். சிதறிய உடல்கள், ஈக்கள். மெட்டோ கை தட்டி ஆட வைக்கும் மெட்டு. கடைசியில் 1958-இல் எட்டி காக்ரன் பாடிய ஜாலியான ராக் பாட்டு ஒன்றிலிருந்து ஒரு வரியை எடுத்துத் திரும்பத் திரும்பப் பாடுகிறார்கள். பழைய பாட்டில் கார் கிடைக்காத விடலைப் பையன் ஐ.நா. சபையிடம் முறையிடுவதாகச் சொல்லும் நகைச்சுவை அது. இங்கே அதே வரி பிணங்களுக்கு மேல் நிற்கிறது. 2009 மே மாதத்துக்குப் பிறகு ஐ.நா. என்ற சொல் தமிழர்களின் காதில் எப்படி விழுகிறது என்று உங்களுக்குத் தெரியும். நான் அந்தப் பாட்டுக்கு ஒருநாள் சிரித்தேன். சிரித்ததற்கு வெட்கப்பட்டேன்.

'ரிட்டன் ஆன் த ஃபோர்ஹெட்' என்ற தலைப்பைத் தமிழில் சொல்லிப் பாருங்கள்: தலையெழுத்து. எங்கள் தெருவில் மலக்குழியில் இறங்கியவன் செத்தாலும் அதுதான் சொல்வார்கள், பத்தாம் வகுப்போடு ஒருத்தியை நிறுத்திக் கட்டிக் கொடுத்தாலும் அதுதான். பாடலில் எரிகிற நகரம் ஒன்றிலிருந்து மக்கள் ஓடுகிறார்கள். பின்னணியில் ஜமைக்காவின் நைனி தி அப்சர்வர் பாடிய பழைய ரெகே பாட்டின் குரல், நெருப்பை அழைக்கிறது. அடிமைகளாகக் கொண்டுபோகப்பட்டவர்களின் பேரப்பிள்ளைகள் உண்டாக்கிய இசை அது. அந்தக் குரலைத் தலையெழுத்து என்ற சொல்லுக்குப் பக்கத்தில் வைத்தது தற்செயலோ என்னவோ. எனக்கு அது எதிர்ப்பேச்சாகக் கேட்கிறது. 'இங்கிலாந்து' என்ற பாடலிலும் இப்படித்தான். அவர் தன் தாய்நாட்டின் மேல் உள்ள பிடிப்பைப் பாடும்போது, அடியில் சயீத் எல் குர்தி என்ற குர்தியப் பாடகரின் பழைய ஒலிப்பதிவு ஓடிக்கொண்டே இருக்கும். இங்கிலாந்தைப் பற்றிப் பாட வேண்டுமென்றால் இங்கிலாந்து மிதித்த நாடுகளின் ஒலி கூடவே வரத்தான் செய்யும்.

அவர் இங்கிலாந்தை வெறுக்கவில்லை. அதைச் சொல்லியாக வேண்டும். மூடுபனி, தேம்ஸ் நதி, நனைந்த சந்துகள் எல்லாவற்றின் மேலும் ஆசை இருக்கிறது. ஆசை இருப்பவர் பேசுவதால்தான் வலிக்கிறது. ஆல்பம் வெளிவரும் முன்பே, 2010 ஏப்ரலில், பிபிசி தொலைக்காட்சியின் ஞாயிற்றுக்கிழமை அரசியல் நிகழ்ச்சி ஒன்றில் இதன் தலைப்புப் பாடலைப் பாடினார். பிரிட்டிஷ் படைகள் அப்போது ஆப்கானிஸ்தானில் இருந்தன. அதே நிகழ்ச்சியில் விருந்தினராக வந்திருந்தவர் பிரதமர் கோர்டன் பிரவுன். தலையில் இறகுகளைச் செருகிக்கொண்டு, பிரதமரை வைத்துக்கொண்டு, நாடு செத்த மக்களின் பாரத்தில் கிடக்கிறது என்று அவர் பாடிய காணொளியைத் தேடிப் பாருங்கள்.

அதே ஆண்டு, 2011-இல், பிரிட்டனின் மெர்க்குரி விருது இந்த ஆல்பத்துக்குக் கிடைத்தது. அந்த விருதை இரண்டு முறை வென்ற ஒரே கலைஞர் அவர். முதல்முறை 2001 செப்டம்பர் 11 அன்று. அன்று அவர் இருந்தது வாஷிங்டனில். விருதைத் தொலைபேசியில்தான் ஏற்றுக்கொண்டார்.

இவ்வளவும் சொன்ன பிறகு, இதில் யார் இல்லை என்றும் சொல்ல வேண்டும். கலிபோலியைப் பற்றி மட்டும் மூன்று பாடல்கள். கடைசிப் பாடலை ஆஸ்திரேலியரான மிக் ஹார்வி தொடங்குகிறார், அங்கே செத்த நண்பனை நினைத்து. ஆனால் கலிபோலியில் இந்தியப் படையினரும் சுமார் 15,000 பேர் இருந்தார்கள். சீக்கியர்கள், கூர்க்காக்கள், பஞ்சாபிகள், கோவேறு கழுதைகளை ஓட்டியவர்கள். 'ஆன் பேட்டில்ஷிப் ஹில்' பாடலில் வருகிற அதே மலைத்தொடரின் முகட்டில் 1915 ஆகஸ்டில் கூர்க்காக்கள் ஏறினார்கள். ஆல்பத்தில் அவர்களின் நிழல்கூட இல்லை.

அந்த 15,000 பேர் யார் என்பதிலும் ஒரு கதை இருக்கிறது. 'போர்க்குடிகள்' என்று ஒரு பட்டியல் போட்டு, எந்தச் சாதிக்கு வீரம் உண்டு, எந்தச் சாதிக்கு இல்லை என்று வெள்ளை அதிகாரிகள் முடிவு செய்த காலம் அது. தலைமுறைகளாக பம்பாய் ராணுவத்தில் இருந்த மகர்களுக்கு 1890களில் படையின் கதவைச் சாத்தினார்கள். அம்பேத்கரின் தந்தை ராம்ஜி சக்பால் அந்த ராணுவத்தில் சுபேதார். ஓய்வுபெற்ற சிப்பாயான கோபால் பாபா வாலங்கர் அதை எதிர்த்து மனு எழுதினார். யாரும் கேட்கவில்லை. முதல் உலகப் போரில் ஆள் பற்றாக்குறை வந்ததும் 1917-இல் 111-வது மகர் படைப்பிரிவு என்று ஒன்றை உண்டாக்கினார்கள். 1921-இல் கலைத்துவிட்டார்கள். சாவதற்கு ஆள் வேண்டியிருந்த நான்கு வருடம் மட்டும் தீட்டு இல்லை.

கல்லிலும் இதே கதைதான். போரில் இறந்தவர்களுக்கு நினைவுச்சின்னம் எழுப்பும் காமன்வெல்த் ஆணையம் 2021-இல் தானே ஓர் அறிக்கை வெளியிட்டது. முதல் உலகப் போரில் பிரிட்டனுக்காக இறந்த ஆப்பிரிக்க, ஆசிய மக்களில் குறைந்தது 1,16,000 பேர், ஒருவேளை 3,50,000 பேர்வரை, பெயர் பொறிக்கப்படாமலோ எந்த நினைவுமே இல்லாமலோ விடப்பட்டிருக்கிறார்கள் என்று ஒப்புக்கொண்டது. இந்த எண்ணைப் படித்த பிறகு ஆல்பத்தைக் கேட்டபோது காதில் வேறு மாதிரி விழுந்தது.

இதற்காக ஹார்வியைக் குற்றம் சொல்வீர்களா என்றால், இல்லை. சொல்ல மாட்டேன். ஏன் என்பதற்கு அவருடைய அடுத்த ஆல்பத்துக்குப் போக வேண்டும்.

'லெட் இங்கிலாந்து ஷேக்' பெற்ற பாராட்டுக்குப் பிறகு அவர் புகைப்படக் கலைஞர் ஷேமஸ் மர்ஃபியுடன் கொசோவோ, ஆப்கானிஸ்தான், வாஷிங்டன் என்று சுற்றினார். 2016-இல் 'தி ஹோப் சிக்ஸ் டெமாலிஷன் ப்ராஜெக்ட்' வந்தது. ஹோப் சிக்ஸ் என்பது அமெரிக்க அரசின் திட்டம். ஏழைகள் வாழ்ந்த பொதுக் குடியிருப்புகளை இடித்துப் புதிதாகக் கட்டுவது. கட்டி முடித்த பிறகு பழைய ஆட்கள் பலருக்கு அங்கே இடமில்லை. கண்ணகி நகர், பெரும்பாக்கம் தெரிந்தவர்களுக்கு மேலும் விளக்க வேண்டியதில்லை. தலைப்பைப் பார்த்து நான் ஆசையோடுதான் கேட்டேன்.

முதல் பாட்டிலேயே இடறியது. வாஷிங்டனில் கறுப்பின மக்கள் பெரும்பான்மையாக வாழும் ஏழாவது வார்டைக் காரிலிருந்து பார்த்துக்கொண்டு போகும் பாட்டு அது. சுற்றிக் காட்டியவர் வாஷிங்டன் போஸ்ட் நிருபர் ஒருவர். அவர் வழியில் சொன்னவையே வரிகளாகிவிட்டன. போதை, பாழடைந்த பள்ளி, நடைப்பிணங்கள் போன்ற மனிதர்கள். அங்கே வாழ்கிற யாரும் பாட்டில் வாய் திறக்கவில்லை. அந்தப் பகுதியின் அரசியல்வாதிகள் கோபப்பட்டார்கள். அங்கே பணியாற்றும் தொண்டு நிறுவனம் ஒன்றின் பெயரில்தான் பாட்டின் தலைப்பே இருந்தது. அவர்களும் வருத்தத்தோடு பதில் எழுதினார்கள். இன்னொரு வேடிக்கை: இந்த ஆல்பத்தை லண்டன் சோமர்செட் ஹவுஸில் ஒரு கண்ணாடி அறைக்குள் பதிவு செய்தார்கள். டிக்கெட் வாங்கியவர்கள் வெளியிலிருந்து பார்க்கலாம். உள்ளே இருப்பவர்களுக்கு அவர்களைத் தெரியாது. ஒருபக்கக் கண்ணாடி. காரின் கண்ணாடியும் அப்படிப்பட்டதுதான் என்று அவருக்குத் தோன்றியதா என்று எனக்குக் கேட்க வேண்டும் போலிருக்கிறது.

அந்த ஆல்பம் பிரிட்டனில் விற்பனையில் முதலிடம் பிடித்தது.

எங்கள் தெருவுக்கும் ஒருமுறை கேமரா வந்தது. சென்னையில் ஒரு கல்லூரி மாணவர்கள், நல்ல பிள்ளைகள், அம்பேத்கர் படம் போட்ட டிசர்ட்கூட ஒருவர் போட்டிருந்தார். சாதியக் கொடுமை பற்றிக் குறும்படம். எங்கள் ஆயாவைத் தலையில் குடத்தோடு நடக்கச் சொன்னார்கள். தெருக்குழாய் வந்து பத்து வருடம் ஆகியிருந்தது. "பாட்டிம்மா, வெளிச்சம் சரியில்ல, இன்னொரு தடவ" என்று மூன்று முறை நடக்க வைத்தார்கள். ஆயா நடந்தது. முடிந்ததும் குடத்தை இறக்கி வைத்துவிட்டு இயக்குநர் பையனிடம் கேட்டது:

"கண்ணு, நீ எந்த ஊரு?"

அவர் சொன்னார். எங்களுக்கு எட்டு கிலோமீட்டர் தள்ளி இருக்கிற கிராமம், அதில் ஊர்த் தெரு. ஆயா அந்த ஊருக்கு இருபது வருடம் நாற்று நடப் போயிருக்கிறது.

"ஓ, அந்த ஊரா? அங்க டீக்கடைல எனக்குக் கொட்டாங்கச்சில ஊத்துவாங்க. அத்த எடுக்கலியா நீ?"

பையன் முகம் போன போக்கை நான் மறக்கவில்லை. அவர் கெட்டவர் இல்லை. அவருக்கு அது தோன்றவே இல்லை, அவ்வளவுதான். கேமராவைத் தூக்கியதும் கால் தானாகச் சேரிப் பக்கம் திரும்புகிறது. தன் வீட்டுத் திண்ணையில், தன் அப்பாவின் பேச்சில், தன் கல்யாணப் பத்திரிகையில் சாதி இருப்பது கண்ணில் படுவதில்லை. வலியைப் படம் எடுக்கச் சேரி. வலியைக் கொடுக்கிற இடத்தைப் படம் எடுக்க யாரும் இல்லை.

யாரும் யாரைப் பற்றியும் எழுதக் கூடாதா என்று இந்த இடத்தில் கேட்பார்கள். எழுதலாம். தடை போட நான் யார்? வரிசையைத்தான் கேட்கிறேன். 1936-இல் அம்பேத்கர் 'சாதியை அழித்தொழித்தல்' உரையைத் தயாரித்தது லாகூரில் சாதி இந்துச் சீர்திருத்தவாதிகளின் மாநாட்டில் வாசிக்கத்தான். உங்கள் சாத்திரங்களை நீங்கள் தொடுங்கள் என்றுதான் அவர்களிடம் சொல்ல இருந்தார். உரையைப் பார்த்ததும் மாநாட்டையே ரத்து செய்துவிட்டார்கள். எங்கள் மேல் இரக்கப்படச் சொல்லியிருந்தால் மாலை போட்டிருப்பார்கள்.

ஹார்வியின் இரண்டு ஆல்பங்களுக்கும் இடையில் நான் பார்க்கிற வித்தியாசம் இதுதான். 2011-இல் அவர் தன் ஊரின் சாவடியில் நின்று தன் ஊரை விசாரித்தார். தன் கொடி, தன் பியூகிள், தன் பிரதமர். கூர்க்காவுக்காக அழுது பெயர் வாங்கப் பார்க்கவில்லை. அதை நான் மரியாதையாகவே எடுத்துக்கொள்கிறேன். அந்தக் கதையைச் சொல்ல எங்களுக்கு வாய் இருக்கிறது. 2016-இல் அதே கூர்மையான கண், அதே அழகான இசை. சொல்லப்போனால் அனகோஸ்டியா ஆற்றைப் பற்றிய பாட்டு எனக்கு இன்றும் பிடிக்கும். ஆனால் விசாரிக்கப்படுகிற இடத்தில் அவருடைய ஊர் இல்லை.

பூரணமானவர் என்று அவரைத் தூக்கி வைக்கவும் நான் தயாரில்லை. பேரரசின் பிணங்களை எண்ணிப் பாடிய அவர்தான் 2013-இல் 'பிரிட்டிஷ் பேரரசின்' பெயரிலேயே கொடுக்கப்படும் எம்.பி.ஈ. பட்டத்தையும் ஏற்றார். அதே ஆண்டில்தான் குவாண்டனாமோ சிறையில் கிடந்த ஷேக்கர் ஆமரின் விடுதலைக்காகப் பாட்டும் வெளியிட்டார். இரண்டையும் சேர்த்தே வைத்துக்கொள்கிறேன். 2022-இல் 'ஓர்லம்' என்ற நெடுங்கவிதையை டார்செட் வட்டார வழக்கிலேயே எழுதினார். அடுத்த ஆண்டு வந்த ஆல்பமும் அந்த மண்ணிலிருந்துதான். திரும்பவும் தன் ஊருக்கு வந்துவிட்டார் என்று எனக்கு ஒரு நிம்மதி.

போன பொங்கலுக்கு வீட்டுக்குப் போயிருந்தபோது, திண்ணையில் உட்கார்ந்து 'ஆல் அண்ட் எவ்ரிஒன்' கேட்டுக்கொண்டிருந்தேன். கலிபோலியில் கடற்கரையிலிருந்து மேடு ஏறியவர்கள் சாவதைப் பற்றிய பாட்டு. மெதுவாக நகரும், நடுவில் நின்று நின்று போகும். ஆயா பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "இன்னா கேக்குற எப்பப் பார்த்தாலும்?" என்றது. ஒரு காதுப்பொறியை எடுத்து ஆயா காதில் வைத்தேன். வார்த்தை ஒன்றும் புரியாது. கண்ணை மூடிக் கொஞ்சநேரம் கேட்டது.

"சாவுப் பாட்டா இது?"

"ஆமா ஆயா."

"யாரு செத்தது?"

"அந்தம்மா ஊர் ஆளுங்க. நூறு வருசத்துக்கு முன்ன, சண்டைல."

ஆயா ஒப்பாரி பாடும். சுற்றுவட்டாரத்தில் ஊர்த் தெருவில் எந்தப் பெரிய சாவு விழுந்தாலும் சேதி சொல்ல எங்கள் தாத்தாவையும், மாரடிக்க ஆயாவையும் கூப்பிட்ட காலம் ஒன்று இருந்தது. வரமாட்டேன் என்று சொன்ன வருடம் தாத்தாவுக்கு யாரும் கூலிவேலை கொடுக்கவில்லை.

"அவ ஊர் சாவுக்கு அவளே அழுவுறாளா?" என்று ஆயா கேட்டது. "நம்மள யாரயும் கூப்புடல?"

"இல்ல ஆயா."

ஆயா காதுப்பொறியைச் சரியாக அழுத்திக்கொண்டது.

"முதல்லேர்ந்து போடு."